நிக்கோடிமஸ் டவுன்ஷிப், கேன்சஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைபடம் பார்ப்பது எனக்கு ஒரு கிறுக்கு. அப்படிப் பார்த்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்ட ஊர்தான், 1877இல் கறுப்பின மக்கள் வந்து குடியேறிய இந்த நிக்கோடிமஸ். யாரிடம் பேச்சை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

அமெரிக்காவின் நட்ட நடுவில், கேன்சஸ் மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில், கிரஹாம் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) கிழக்கு ஓரத்தில். வடக்கே சுமார் 40 மைல் போனால் நெப்ராஸ்கா வந்துவிடும். 24ஆம் எண் நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. காரில் போகிறவர் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விடும். தெற்கே கொஞ்ச தூரத்தில் சாலமன் ஆற்றின் தென்கிளை ஓடுகிறது. இந்தக் கதையில் அந்த ஆறு ஒரு முக்கியமான பாத்திரம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெய்ரி, அதாவது அந்தப் பக்கத்துப் புல்வெளி, என்றதும் கேரம் போர்டு மாதிரி தட்டையான தரை என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 அடி உயரத்தில், அலை உறைந்து போன மாதிரி மெதுவாக ஏறி இறங்கும் நிலம். ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் மட்டும் காட்டன்வுட், வில்லோ என்று சில மரங்கள், மற்ற இடமெல்லாம் புல். இப்போது அந்தப் புல்லில் பெரும்பகுதி கோதுமையாகவும் சோளமாகவும் மாறிவிட்டது.

டவுன்ஷிப் என்றால் நெய்வேலி மாதிரி குடியிருப்பா?

இல்லை, இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். தொழிற்சாலை கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸைத்தான் நாம் டவுன்ஷிப் என்கிறோம், அங்கே அது ஒரு நில அளவைச் சதுரம். 1785இல் வந்த நிலச் சட்டத்தின்படி புதிதாகக் கையில் வந்த நிலத்தையெல்லாம் ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாக அளந்தார்கள். ஒரு கட்டம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 துண்டுகள், ஒரு துண்டு 640 ஏக்கர், பேர் செக்‌ஷன். அதை நாலாகப் பிளந்தால் 160 ஏக்கர், ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு போதும் என்று அரசாங்கம் போட்ட கணக்கு அது.

அந்த 36 துண்டுகளுக்கு எண் போட்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வடகிழக்கு மூலையில் 1இல் தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் திரும்பிக் கிழக்கே 7, 8, 9 என்று வந்து, மறுபடி திரும்பி... அப்படியே ஏர் ஓட்டுகிற வரிசை. கேன்சஸில் 16, 36 ஆகிய இரண்டு செக்‌ஷன்களைப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கினார்கள். பூமி உருண்டை, கட்டமோ சதுரம், இரண்டும் ஒத்துப் போகாது என்பதால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை கோட்டைச் சரிசெய்ய வேண்டி வந்தது. நேராகப் போகிற மண்சாலை காரணமே இல்லாமல் ஓர் இடத்தில் சட்டென்று ஒடிந்து திரும்பினால், அனேகமாக அது இந்தத் திருத்தக் கோடாகத்தான் இருக்கும்.

இந்த அளவைச் சதுரம் போக, நிர்வாகத்துக்கு என்று ஒரு டவுன்ஷிப்பும் உண்டு. சாலை, கல்லறைத் தோட்டம் மாதிரி காரியங்களைப் பார்க்க ஒரு சின்னக் குழு இருக்கும். அதன் எல்லையும் அளவைச் சதுரமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. நிக்கோடிமஸ் நகராட்சியாகப் பதிவானதே இல்லை. அதனால் ஊர்க்காரர்களுக்கு இந்த டவுன்ஷிப்தான் பஞ்சாயத்து.

160 ஏக்கர் என்பது ஏகப்பட்ட நிலம் ஆயிற்றே?

நமக்கு ஏகப்பட்டது, அங்கே அது போதவில்லை. மேற்குத் தீர்க்கரேகை 100 டிகிரிக் கோடு இந்தக் கவுண்டிக்குள்ளேயே ஓடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கிழக்கே மழையை நம்பி விதைக்கலாம், மேற்கே முடியாது என்பது அந்த ஊர் விவசாயத்தின் பழைய கணக்கு. நிக்கோடிமஸ் கோட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே, விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக ஐநூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர் மழை. சராசரியைக் கேட்டு ஏமாற வேண்டாம், ஒரு வருஷம் கொட்டும், அடுத்த இரண்டு வருஷம் வானம் கண்ணையே திறக்காது, நடுவில் ஆலங்கட்டி வந்து கதிரை அடித்துவிட்டுப் போகும். ஜான் வெஸ்லி பவல் என்ற நில ஆய்வாளர் 1878லேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார்: வறண்ட மேற்கில் மேய்ச்சல் பண்ணைக்கு 160 போதாது, 2,560 ஏக்கர் கொடுங்கள் என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிக்கோடிமஸுக்கு ஆட்கள் வந்து இறங்கியதும் சரியாக அதே சமயத்தில்தான்.

அதற்கு முன்னால் அங்கே யாருமே இல்லையா?

இருந்தார்கள். "காலி நிலம்" என்பது நில அளவை ஆபீஸ் பாஷை. செயென், பானி என்ற பூர்வகுடி மக்கள் காட்டெருமை வேட்டைக்கு வந்து போன நிலம் அது. 1857 ஜூலை 29 அன்று இந்த ஆற்றங்கரையில்தான், இப்போதைய கிரஹாம் கவுண்டிக்குள், கர்னல் எட்வின் சம்னரின் குதிரைப்படை செயென் வீரர்கள்மேல் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தது. கவுண்டியில் பெனோக்கி என்ற இடத்துக்குப் பக்கத்தில், மேட்டுத் தரையில் கற்களை அடுக்கிப் போட்ட ஒரு மனித உருவம் கிடக்கிறது. 1870களுக்குள் காட்டெருமையும் போய்விட்டது, அதை நம்பி வாழ்ந்தவர்களையும் வேறு இடங்களுக்குத் துரத்தியாகிவிட்டது. இந்த டவுன்ஷிப்பில் முதலில் காணாமல் போனது அந்த உலகம்தான்.

சரி, நிக்கோடிமஸை யார் உண்டாக்கினார்கள்?

1877. அடிமை முறை ஒழிந்து பன்னிரண்டு வருஷம். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குக் காவலாக நின்ற மத்திய அரசின் படைகள் திரும்பிப் போன வருஷமும் அதுவே. குத்தகை விவசாயமும் மிரட்டலும்தான் மிச்சம். கேன்சஸோ அடிமை முறைக்கு எதிராக ரத்தம் சிந்தி மாநிலமான இடம், போதாததற்கு 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம். டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும், இன்னும் சிலரும் சேர்ந்து 1877 ஏப்ரலில் ஊர்க் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். கென்டக்கியில் துண்டுப் பிரசுரம் பறந்தது: செப்டம்பர் 5 அன்று கேன்சஸ் போக விரும்புகிற கறுப்பின மக்கள் 5 டாலர் கொடுத்தால் போதும்.

சுமார் 300 பேர் லெக்சிங்டன் வட்டாரத்திலிருந்து கிளம்பினார்கள். எல்லிஸ் என்ற ஊர்வரைதான் ரயில், அங்கிருந்து நிக்கோடிமஸுக்கு 35 மைல். வண்டியிலும் கால்நடையாகவும் வந்து பார்த்தால் ஊரே இல்லை! பிரசுரத்தைப் படித்து மனக்கண்ணில் கட்டி வைத்திருந்த வீடும் தெருவும் எதுவும் இல்லை, புல்தான். பல குடும்பங்கள் வந்த சுவடு மறைவதற்குள் திரும்பிவிட்டன. ஹில்மேல் ஏற்பட்ட கோபத்தில் அவரைத் தூக்கில் போடத் தேடியதாகவும் அவர் ஒளிந்து தப்பியதாகவும் ஒரு கதை உண்டு. பிறகு அவர் பெயரிலேயே ஹில் சிட்டி என்று கவுண்டித் தலைநகரம் அமைந்தது, கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

புகை கதை என்று சொல்கிறார்களே, அது என்ன?

வில்லியானா ஹிக்மன் என்ற பெண் 1878 வசந்தத்தில் கணவரோடும் பிள்ளைகளோடும் கென்டக்கியிலிருந்து வந்தார். எல்லிஸ் வந்து சேரும்போது கூட்டத்தில் தட்டம்மை பரவி, சில குழந்தைகள் அங்கேயே இறந்துபோயின. மிச்சப்பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் "அதோ நிக்கோடிமஸ்" என்று கத்த, இவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, தரையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த புகையைக் கணவர் காட்டினார். மக்கள் வளை தோண்டி மண்ணுக்குள்ளே குடியிருந்தார்கள், புகை வந்தது அந்த அடுப்புகளிலிருந்து. அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அழுதவர் ஓடிவிடவில்லை, அந்த வட்டாரத்திலேயே பண்ணை வைத்து ஏறக்குறைய இருபது வருஷம் வாழ்ந்தார்.

அந்தக் குழிவீடு பற்றி ஒரு வார்த்தை. சரிவில் பாதி குடைந்து, முன்பக்கச் சுவரை மண்ணாலும் புல்வேரோடு வெட்டியெடுத்த கட்டிகளாலும் அடைத்து, மேலே கிளையும் புல்லும் மண்ணும் போட்டு மூடுவார்கள். மரம் இல்லாத ஊரில் வேறு என்ன செய்வது? விறகுக்கும் அதே கதைதான்: வில்லோ குச்சி, சூரியகாந்தித் தண்டு, காட்டெருமைச் சாணம் காய்ந்த வறட்டி. உழுவதற்குக் குதிரை வெகு சிலரிடம்தான், மற்றவர்கள் மண்வெட்டியாலும் களைக்கொட்டாலும் அந்த வேர்ப்பாயைக் கொத்தினார்கள். கைச்செலவுக்குப் புல்வெளியில் கிடந்த காட்டெருமை எலும்பைப் பொறுக்கி விற்றார்கள்.

முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டினார்கள்?

பட்டினியின் விளிம்பில். வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் என்ற பூர்வகுடி இனத்தார் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்ததாக ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். ஓசேஜ் மக்களைக் கேன்சஸிலிருந்து வெளியேற்றி ஏழெட்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நிலத்தை இழந்தவர்கள், வாழ்நாளில் முதல்முறையாக நிலம் கிடைத்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். இந்த ஊர்க் கதையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இது.

பெயர் பைபிள் பெயரா?

தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு நிக்கொதேமு ஞாபகம் வரும், இராத்திரியில் இயேசுவைப் பார்க்க வந்தவர். ஊர்க்காரர்கள் சொல்கிற காரணம் வேறு: அடிமைக் கப்பலில் வந்து, பிற்பாடு காசு கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கிக்கொண்டதாகச் சொல்லப்படும் நிக்கோடிமஸ் என்ற ஆளின் பெயராம்.

ஊர் வளர்ந்ததா, இல்லை தொடக்கத்திலிருந்தே இப்படித்தானா?

நன்றாகவே வளர்ந்தது. 1880களின் நடுவில் கல் வீடுகள், கடைகள், வங்கி, ஹோட்டல், பள்ளிக்கூடம், சர்ச்சுகள், கூடவே இரண்டு பத்திரிகைகள். "வெஸ்டர்ன் சைக்ளோன்" 1886இல் வந்தது, "நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ்" 1887இல். வெள்ளையரும் கறுப்பினத்தாரும் பக்கத்துப் பக்கத்தில் கடை வைத்திருந்தார்கள். 1878இல் இங்கே வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882 தேர்தலில் கேன்சஸ் மாநிலத் தணிக்கையாளர் ஆனார். தெற்கு மாநிலங்களுக்கு வெளியே அப்படி மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கிப் பதவிக்கு வந்த கறுப்பினத்தவர் அந்தக் காலத்தில் அபூர்வம். பிறகு அவர் ஓக்லஹோமாவுக்குப் போய் 1890இல் லாங்ஸ்டன் என்ற இன்னொரு ஊரைத் தொடங்கினார்.

அப்புறம் என்ன ஆச்சு?

ரயில் வரவில்லை. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலப் புல்வெளியில் ரயில் பாதை போன இடம் ஊர், மற்றதெல்லாம் வயல். கோதுமையை 35 மைல் வண்டியில் இழுத்துக்கொண்டு போனால் கூலிக்கே விலை சரியாகிவிடும். 1887இல் மிசோரி பசிபிக் கம்பெனியைத் தங்கள் பக்கம் வரவழைக்க 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஊர் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். மண்வெட்டியால் தரை கொத்தி பத்து வருஷம்தான் ஆகிறது, அதற்குள் 16,000 டாலர் பொறுப்பை ஏற்கத் தயாரானார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பேச்சு நடந்தது, பத்திரிகைகள் துள்ளின, பாதை மட்டும் வரவில்லை. கடைசியில் பாதை போட்டது யூனியன் பசிபிக், அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சில மைல் தள்ளி. 1888இல் பாதை ஓரத்தில் போக் என்ற புது ஊர் முளைத்தது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆற்றைத் தாண்டினார்கள், பத்திரிகைகள் நின்றன. நிக்கோடிமஸ் விரிந்த வேகத்திலேயே சுருங்கத் தொடங்கியது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனவை கடைகள். சுற்றியிருந்த பண்ணைக் குடும்பங்கள் போகவில்லை. சர்ச், பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு எல்லாம் நிக்கோடிமஸிலேயே தொடர்ந்தன. 1907இல் பாப்டிஸ்ட் சர்ச்சுக்கும் 1918இல் பள்ளிக்கூடத்துக்கும் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள் என்றால் பாருங்கள், "1888இல் செத்த ஊர்" முப்பது வருஷம் கழித்துப் பள்ளி கட்டுகிறது. ரயில்தான் ஊரைக் கொன்றது என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் இந்த முப்பது வருஷத்தை என்ன செய்வதாக உத்தேசம்?

அப்படியானால் உண்மையில் எப்போது காலியானது?

1930களில். கோதுமை விலை விழுந்தது, பின்னாலேயே வறட்சியும் புழுதிப் புயலும் வந்தன. 1935 வாக்கில் ஊரில் 76 பேர். அதன் பிறகு நடந்தது அந்தப் புல்வெளி முழுக்க நடந்த கதை: டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்ததால் பத்துக் குடும்பம் செய்த வேலையை ஒரு குடும்பம் செய்தது, பண்ணைகள் பெரிதாகிக்கொண்டே போயின, கார் வந்ததால் சாமானுக்குப் பெரிய ஊருக்கே போனார்கள், இளைஞர்கள் டென்வர், டோபீகா, கலிஃபோர்னியா என்று கிளம்பினார்கள். தபால் நிலையம் 1953இல் மூடப்பட்டது. என்னைக் கேட்டால் ஓர் ஊர் வரைபடத்திலிருந்து போவது தபால் முத்திரை போகும் நாளில்தான்.

பக்கத்தில் வேறு ஊர்களும் மறைந்தனவா?

நிறைய. கிரஹாம் கவுண்டிக்கு 1880இல் தலைநகரமாக இருந்த மில்புரூக்கை 1887இல் சூறாவளி அடித்துப் போட்டது, அடுத்த வருஷம் தலைமையிடம் ஹில் சிட்டிக்குப் போய்விட்டது, மில்புரூக் எழுந்திருக்கவே இல்லை. கெட்டிஸ்பர்க் என்று ஓர் ஊர் தலைநகரப் போட்டியில் இருந்தது, அதுவும் இல்லை. கல் உருவம் கிடக்கிற பெனோக்கியில் ரயில் வந்தும் ஊர் தங்கவில்லை. நிக்கோடிமஸ்காரர்கள் தனியாகப் பண்ணை வைத்திருந்த மவுண்ட் ஆலிவ் பக்கம் போனால் இப்போது கல்லறைகளைத்தான் பார்க்கலாம். 2020 கணக்கெடுப்பில் கவுண்டி முழுக்கவே 2,415 பேர்தான்.

கேன்சஸிலேயே டன்லப், ஹாட்ஜ்மன் என்று வேறு கறுப்பினக் குடியேற்றங்கள் இருந்தன. வெளியே பார்த்தால் நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் 1907இல் தொடங்கிய டிவிட்டி, கொலராடோவில் 1910இல் தொடங்கிய டியர்ஃபீல்ட், நியூ மெக்ஸிகோவில் பிளாக்டம். எல்லாம் மறைந்துவிட்டன. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அந்தச் சீரமைப்புக் காலத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மக்கள் நிறுவிய ஊர்களில் இன்னும் ஆள் குடியிருப்பது நிக்கோடிமஸ் ஒன்றுதான்.

இப்போது எத்தனை பேர்?

2020இல் 14.

பதினாலு பேருக்கு ஒரு தேசியச் சின்னமா?

1976இல் தேசிய வரலாற்று அடையாளமாக அறிவித்தார்கள், 1996 நவம்பரில் தேசிய வரலாற்றுத் தலமாக்கித் தேசியப் பூங்காத் துறையிடம் கொடுத்தார்கள். இதற்காக விடாமல் அலைந்தவர்கள் ஊரை விட்டுப் போனவர்களின் வாரிசுகள். அவர்களில் ஏஞ்சலா பேட்ஸ் முக்கியமானவர். ஐந்து கட்டடங்கள் இந்தத் தலத்துக்குள் வருகின்றன: இரண்டு சர்ச்சுகள், 1881இன் செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், பள்ளிக்கூடம், டவுன்ஷிப் ஹால். கடைசியாகச் சொன்னது 1939இல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சுண்ணாம்புக் கல்லால் கட்டியது. ஊரே கரைந்துகொண்டிருந்தபோது கட்டிய பொதுமண்டபம்!

பேய் ஊர் என்று சொல்லலாமா?

சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். 1878இல் தொடங்கிய விடுதலைக் கொண்டாட்டம் இன்றும் நடக்கிறது. ஆரம்பத்தில் ஆகஸ்ட் 1ஆம் தேதியை ஒட்டி, பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த நாளாகக் கொண்டாடினார்கள். இப்போது அதற்குப் பெயர் ஹோம்கமிங், ஜூலைக் கடைசி வார இறுதியில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் வந்து சேருகிறார்கள். ஊர்வலம், சாப்பாடு, பேஸ்பால், சர்ச், கல்லறைக்கு ஒரு நடை. ஊரை விட்டுப் போனவர்களில் நிலத்தை விடாதவர்களும் உண்டு. இங்கே பிறந்து 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குப் போன அமெரிக்கக் கால்பந்து வீரர் வெரில் ஸ்விட்சர் தன் குடும்ப நிலத்தை வைத்தே இருந்தார், 2022இல் காலமானார்.

நான் போனால் என்ன பார்க்கலாம்?

டவுன்ஷிப் ஹாலில் பார்வையாளர் மையம் இருக்கிறது, கிளம்பும் முன் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் சாப்பாடும் ஹில் சிட்டியிலோ கிழக்கே ஸ்டாக்டனிலோ முடித்துக்கொண்டு வாருங்கள். ஜூலைக் கடைசியில் வெயில் கொளுத்தும், ஆனால் ஆட்களோடு ஊரைப் பார்க்க அதுதான் நேரம். மற்ற மாதங்களில் போனால் ஊரைச் சுற்ற அரை மணி போதும். அப்புறம் தெற்கே மண்சாலையில் ஆறுவரை போய், பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வடக்கே ஒருமுறை, தெற்கே போக் இருக்கும் பக்கம் ஒருமுறை பாருங்கள். இவ்வளவு சின்ன ஆறுதான் நடுவில்.